மன்னிப்புக் கேட்ட மறுநாள்

சுனந்தாவிடம் ஒரு பழக்கம் உண்டு. வருடத்தில் ஒரு நாள், கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் மன்னிப்புக் கேட்டுவிடுவாள். திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் அவள் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர் முதல் வருடம் அரண்டுபோய், "இன்னாம்மா, வீட்டக் காலி பண்றியா?" என்று கேட்டார். தண்ணீர் கேன் போடுகிறவர் அவருக்கும் ஒரு படி மேல். "கேன எதனா உடைச்சிட்டீங்களா மேடம்?" என்று மாடிவரைக்கும் ஏறிப் பார்த்துவிட்டுத்தான் திரும்பினார்.

அவள் சமணக் குடும்பத்துப் பெண். போளூர்ப் பக்கம் ஒரு சிற்றூர். அப்பா பார்சுவநாதன் நெல்லும் வேர்க்கடலையும் பயிரிடுகிறவர். அந்த ஊரில் பத்து நாள் தசலட்சண விரதம் முடிந்த மறுநாள் எல்லோரும் ஜினாலயத்தில் கூடுவார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, மனத்தாலோ வாக்காலோ உடம்பாலோ, தெரிந்தோ தெரியாமலோ நான் உனக்குச் செய்த பிழையைப் பொறுத்துக்கொள் என்று கேட்பார்கள். மாமியார் மருமகளிடம் கேட்பாள். வரப்புத் தகராறில் வருடம் முழுக்க முகம் கொடுக்காத பங்காளிகள் கைகூப்பி நிற்பார்கள். அடுத்த வாரமே தகராறு மறுபடி தொடங்கலாம், அது வேறு கதை. கேட்கிற அந்த நேரம் பொய்யில்லாமல் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

படிக்கத் திருவண்ணாமலைக்கு வந்து விடுதியில் தங்கிய சுனந்தாவுக்குப் பள்ளிக்கூடத்தில் பக்கத்து இடம் கிடைத்தது பொன்னியிடம். பொன்னி திருகோணமலைப் பக்கத்துப் பெண். சண்டை முற்றிய காலத்தில் அம்மாவோடு படகேறி வந்தவள். அடி அண்ணாமலையில் இருக்கும் இலங்கைத் தமிழர் முகாமில் வீடு. அவளுடைய அப்பா தசரதன் படகு ஏறவில்லை. ஓடும்போது விழுந்த குண்டில் அவர் வழியிலேயே போய்விட்டார். எடுத்துப் புதைக்கக்கூட நேரமில்லாமல் அவரை அங்கேயே விட்டுவிட்டு இவர்கள் ஓடிவர வேண்டியிருந்தது. பொன்னி இதைச் சுனந்தாவிடம் ஒரே ஒரு முறைதான் சொன்னாள், அதுவும் கணக்குப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கும்போது, இடையில். சொல்லிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விட்டாள்.

வகுப்பில் பொன்னிதான் கெட்டிக்காரி. ஆனாலும் இன்றைக்கு அவள் கிரிவலப் பாதையில் சுண்டலும் டீயும் விற்கிறாள். சுனந்தா கல்லூரியில் அரசியல் அறிவியல் நடத்துகிறாள், கௌரவ விரிவுரையாளராக. பெயரில் மட்டும் கௌரவம் உள்ள வேலை அது. பொன்னிக்கு ஒரே ஆசைதான். அப்பா விழுந்த இடத்தை ஒரு தடவை போய்ப் பார்க்க வேண்டும், பார்த்துவிட்டு இங்கே வீட்டுக்குத் திரும்பிவர வேண்டும். இங்கே புருஷன் இருக்கிறான், பிள்ளை இருக்கிறது, கடை இருக்கிறது. போகத் தடையில்லை. போனால் திரும்பி வருவதற்குத்தான் அவளிடம் தாள் கிடையாது. அந்த நாட்டுக்கும் இவள் ஆளில்லை, இந்த நாட்டுக்கும் ஆளில்லை. "நான் மலையச் சுத்தத்தான் லாயக்கு. சுத்திட்டு சுத்திட்டு அதே எடத்துக்கு வரலாம்" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். சுனந்தாவுக்கு அந்தச் சிரிப்பு தாங்காது.

அதனால்தான் அவள் ஓர் ஆய்வு ஃபெலோஷிப்புக்கு விண்ணப்பித்தாள். அமைதிக்காகவும் வெளியுறவுக் கொள்கைக்காகவும் வேலை செய்ய வரும் இளம் ஆய்வாளர்களுக்கு, ஏதோ குளிர்நாட்டில் இருக்கும் ஓர் அமைப்பு அதைத் தருகிறது. நாடுகளுக்கு இடையிலான விஷயத்தைத் தலைவர்கள் மட்டும் பேசினால் போதாது, அதில் அடிபட்டவர்களின் பக்கத்திலிருந்தும் பேச ஆள் வேண்டும் என்பது அவர்களுடைய எண்ணம். மனஸ்தாபம் உள்ள இரண்டு நாடுகளிலிருந்து ஆளுக்கொருவரை எடுத்து ஜோடி சேர்ப்பார்கள். அந்த இரண்டு பேரும் ஒரே கட்டுரையைச் சேர்ந்து எழுத வேண்டும். கடைசியில் இரு நாட்டு அதிகாரிகளும் எம்.பி.க்களும் வரும் ஒரு கூட்டத்தில் அதைப் படிக்க வேண்டும். இந்த முறை கூட்டம் கொழும்பில். முகாம் மக்கள் போய்த் திரும்ப ஒரு பயணத்தாள் என்பதுதான் சுனந்தாவின் கோரிக்கை. இடம் கிடைத்த செய்தி வந்த அன்று அவள் நேராகப் பொன்னியின் கடைக்குத்தான் போனாள். பொன்னி ஒரு டீயில் சர்க்கரையைத் தாராளமாகப் போட்டுக் கொடுத்தாள்.

சுனந்தாவுக்கு ஜோடி, கண்டியிலிருந்து நிர்மாலி என்ற சிங்களப் பெண். வாரம் இருமுறை வீடியோவில் பேசிக்கொள்வார்கள். இருவருக்கும் பொதுவான பாஷை இங்கிலீஷ்தான், அது இருவருக்கும் கொஞ்சம் காலைக் கடிக்கும் செருப்பு. ஆனாலும் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஆடி மாதத்துக்குப் பிறகு நிர்மாலியின் பேச்சு சுருங்கிவிட்டது. கேட்டதற்குப் பதில், அதோடு சரி. அவளுக்கு வேலை ஜாஸ்தி போலிருக்கிறது என்று சுனந்தா நினைத்துக்கொண்டாள். நமக்கு வசதியான காரணத்தைத்தானே முதலில் நினைப்போம்.

விரதம் முடிந்தது. ஊருக்குப் போக முடியாததால் சுனந்தா தன் ஊர் வழக்கத்தை இங்கிலீஷில் எழுதினாள். கூட இருக்கும் ஃபெலோக்கள், அந்தத் திட்டத்தை நடத்துகிற ஹெலன் அம்மையார், எல்லோருக்கும் ஒரே மின்னஞ்சல். 'எண்ணத்தாலும் சொல்லாலும் செயலாலும், தெரிந்தோ தெரியாமலோ உங்களுக்கு நான் தீங்கு செய்திருந்தால், அதற்காக உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.' அனுப்பிவிட்டு நிம்மதியாக, விரதம் முடித்துச் சாப்பிடும் பாரணைக்கு உட்கார்ந்தாள்.

மறுநாள் காலையிலேயே பதில்கள் வர ஆரம்பித்தன. கென்யாக்காரர் ஒருவர், "ஐயோ, என்ன நடந்தது? நீ நலமா?" என்று கேட்டிருந்தார். வேறொருவர் இதயப் படம் போட்டிருந்தார். இன்னொருவர், தான் எதையாவது கவனிக்காமல் விட்டுவிட்டேனா என்று பயந்துபோய் நீளமாக எழுதியிருந்தார். ஹெலனிடமிருந்து வந்தது சிரிக்கும்படி இல்லை. சக ஆய்வாளர்களுக்குத் தீங்கு செய்ததாக நீங்களே எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள், என்ன தீங்கு என்று விளக்குங்கள், விளங்கும்வரை உங்கள் பங்கேற்பை நிறுத்திவைக்கிறோம் என்று இருந்தது.

சுனந்தா அதை இரண்டு முறை படித்தாள். அம்மாவுக்குப் போன் போட்டாள்.

"இன்னாடி இது கூத்து" என்றாள் அம்மா. "மன்னிப்புக் கேட்டா மன்னிக்கணும், இல்லன்னா நானும் கேக்குறேன்னு சொல்லணும். இன்னா தப்பு பண்ணன்னு யாராவது கேப்பாங்களா?"

"அங்கல்லாம் தப்பு பண்ணாதான் கேப்பாங்களாம்மா."

"அப்ப அவங்க வருசத்துக்கு எத்தினி வாட்டி கேக்குறாங்களாம்?"



ஹெலன் வீடியோவில் வந்தது சாயங்காலம், சரியாகப் பொழுது சாயும் நேரத்தில். பேசி முடித்தால் இருட்டிவிடும், சமண வழக்கப்படி இருட்டிய பிறகு சுனந்தா சாப்பிடமாட்டாள். தட்டில் போட்ட சோற்றை மூடிவைத்துவிட்டு உட்கார்ந்தாள். ஹெலன் கெட்டவர் இல்லை. நரைத்த தலையும் கனிந்த முகமுமாக இருந்தார். வழக்கத்தைச் சுனந்தா விளக்கியதும் அவர் மூச்சை விட்டுச் சிரித்தேவிட்டார்.

"அப்படியென்றால் சுலபம்" என்றார். "இது வெறும் மதச் சடங்கு, உண்மையில் நடந்த எதையும் இது குறிக்கவில்லை என்று ஒரே ஒரு வரி எழுதிக் கொடுத்துவிடுங்கள். கோப்பை மூடிவிடுகிறேன். வெள்ளிக்கிழமைக்குள் போதும்."

சுனந்தா நன்றி சொல்லி அழைப்பை முடித்தாள். அம்மாவும் அதையேதான் சொன்னாள். "எழுதிக் குடுத்துட்டு வேலையப் பாரு. பகவான் ஒண்ணும் கோச்சிக்க மாட்டாரு."

ஒரு வரி. அந்த வரியைச் சுனந்தா எழுதிவிட்டாள். அனுப்பத்தான் விரல் வரவில்லை. வெறும் சடங்கு, எதையும் குறிக்கவில்லை. அப்படியானால் தண்ணீர் கேன்காரரை நிறுத்திவைத்து வருடா வருடம் கேட்பது என்ன, நாடகமா? தெரியாமல் செய்த பிழை என்று வாயால் சொல்லிவிட்டு, அப்படி எதுவும் கிடையாது என்று கையெழுத்துப் போட்டால், இரண்டில் ஒன்று பொய். அதைவிட இன்னொன்று அவளைக் குடைந்தது. அத்தனை பேரும் பதில் போட்டிருந்தார்கள், நிர்மாலி மட்டும் போடவில்லை.

நிர்மாலிக்கு வாட்ஸ்அப்பில் எழுதினாள். "நான் உனக்கு ஏதாவது செய்துவிட்டேனா?"

வெகு நேரம் கழித்துப் பதில் வந்தது. "உண்மையிலேயே உனக்குத் தெரியாதா?"

கூடவே ஒரு பத்தியும் வந்தது. படித்ததும் சுனந்தாவுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. கட்டுரையில் நிர்மாலி எழுதியிருந்த பத்தி அது, அவளுடைய தம்பி சம்பத்தைப் பற்றியது. வீட்டுக் கூரையைச் சரிசெய்ய வருமானம் வேண்டும் என்று பட்டாளத்தில் சேர்ந்த பையன். பெட்டியில் திரும்பி வந்தான். பெட்டியைத் திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். முகம் வேண்டாம், காலையாவது காட்டுங்கள், என் பிள்ளையின் காலை எனக்குத் தெரியும் என்று அவன் அம்மா கெஞ்சினாள். காட்டவில்லை. எரித்தது தன் பிள்ளையைத்தானா என்று அந்த அம்மாவுக்கு இன்றுவரை நிச்சயமில்லை.

ஆடி மாதத்தில் ஒரு மதியம், திருத்தும்போது, சுனந்தா இந்தப் பத்தியை எடுத்துவிட்டிருந்தாள். 'ஆய்வுக்குப் பொருந்தவில்லை' என்று ஓரத்தில் குறிப்பும் போட்டிருந்தாள். நிர்மாலியைக் கேட்கவில்லை. பொருந்தவில்லை என்பதும் உண்மையில்லை. அதற்கு முந்தைய பக்கத்தில் பொன்னியின் அப்பா இருந்தார். அவருக்குப் பக்கத்தில் ஒரு சிப்பாயை எப்படி வைப்பது, பொன்னியின் முகத்தில் எப்படி விழிப்பது என்று மனசுக்குள் ஒரு கூச்சம். அந்தக் கூச்சத்துக்கு ஆய்வு என்று சட்டை மாட்டிவிட்டிருந்தாள். அதன் பிறகு அதை மறந்தும்போனாள். செய்ததைவிட மறந்ததுதான் அவளுக்கு அதிகம் வலித்தது. உட்கார்ந்து அழுதாள்.

மறுநாள் கல்லூரி முடிந்ததும் ஷேர் ஆட்டோ பிடித்து அடி அண்ணாமலைக்குப் போனாள். பௌர்ணமி இல்லாத நாள் என்பதால் பாதையில் கூட்டம் கம்மி. பொன்னி சுண்டலுக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள். சுனந்தா பெஞ்சில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். சிப்பாய் என்ற வார்த்தை வந்ததும் பொன்னியின் கரண்டி நின்றது.

"எனக்காகவா எடுத்த?"

"ஆமா. நீ கஷ்டப்படுவன்னு..."

பொன்னிக்கு இப்போது இந்த ஊர்ப் பேச்சுதான். கோபம் வந்தால் மட்டும் பழைய ஊர் எட்டிப் பார்க்கும். "என்னட்ட ஒரு வார்த்தை கதைச்சியோ? அகதிக்காரி, இவளுக்கு எது தாங்கும் எது தாங்காதுன்னு நீயே முடிவு கட்டிட்டியோ?"

சுனந்தா தலையைக் குனிந்துகொண்டாள். டீ குடிக்க வந்த ஒருவர் நிலவரத்தைப் பார்த்துவிட்டு அடுத்த கடைக்குப் போய்விட்டார். பொன்னி அடுப்பை அணைத்தாள்.

"எங்கப்பா மேல விழுந்தத அவனே போட்டிருந்தா?"

"தெரியலடி. இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்."

பொன்னி எதிரே மலையைப் பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் போகவில்லை. போக வேண்டும் என்று கேட்க யாருக்கும் உரிமையும் இல்லை. பிறகு, "அந்தம்மாவுக்குக் கடசி வரைக்கும் காலக் காட்டவேயில்லியா?" என்று கேட்டாள்.

"இல்ல."

"எங்கம்மாவும் பாக்கல. திரும்பிப் பாத்தா நின்னுடுவேன்னு பாக்காமலே ஓடியாந்துட்டா." கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி அடுப்பைப் பற்றவைத்தாள். "போடு. எங்கப்பா பக்கத்துலயே போடு. அவன மன்னிச்சிட்டேன்னு மட்டும் எழுதிடாத, நான் மன்னிக்கல. அவங்கம்மாவுக்காகப் போடு."

அன்று சாயங்காலமே சுனந்தா ஹெலனுக்கு எழுதினாள். நீங்கள் கேட்ட வரியை என்னால் தர முடியாது. நான் கேட்ட மன்னிப்பு வெறும் சடங்கு இல்லை. தீங்கு நடந்திருக்கிறது. கேட்டபோது எனக்கு அது தெரியாது, இப்போது தெரியும். நடந்ததை ஒளிக்காமல் எழுதி, நிர்மாலிக்கும் ஒரு பிரதி போட்டாள். எழுதி முடித்தபோது ஃபெலோஷிப் போய்விட்டது என்றே தீர்மானித்துக்கொண்டாள். தனக்காகக்கூட வருத்தமில்லை. கொழும்பு போய்ச் சேராமல் பொன்னியின் கோரிக்கை இந்த வேங்கிக்கால் வீட்டிலேயே நின்றுவிடுமே என்றுதான் கவலைப்பட்டாள்.

வெள்ளிக்கிழமை மூவரும் வீடியோவில் உட்கார்ந்தார்கள். ஹெலன் இந்த முறை சிரிக்கவில்லை. கூட எழுதுகிறவரின் எழுத்தை அவர் சம்மதமில்லாமல் நீக்குவது விதிப்படி குற்றம், நிர்மாலி புகார் கொடுத்தால் சுனந்தாவை விலக்குவதைத் தவிர வேறு வழி இல்லை என்றார். "புகார் உண்டா?" என்று கேட்டார்.

சுனந்தா திரையைப் பார்க்காமல் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கோபம் உண்டு" என்றாள் நிர்மாலி. "ஒன்றரை மாதமாகக் கோபமாகத்தான் இருந்தேன். இவளிடம் நானாகக் கேட்டிருக்கவேமாட்டேன். கேட்காமலே வேலையை முடித்துக் கொடுத்துவிட்டு, தமிழர்கள் இப்படித்தான் என்று ஆயுள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்திருப்பேன். என் தம்பி விஷயத்தில் இதுவரை யாரும், எங்கள் அரசாங்கம்கூட, எங்களிடம் மன்னிப்புக் கேட்டதில்லை. முதலில் கேட்டவள் இவள். அதற்காக இவளை வெளியே அனுப்பிவிட்டால் அடுத்தது யார் கேட்பார்கள்? புகார் இல்லை. ஆனால் ஒரு நிபந்தனை. கொழும்பில் சம்பத்தின் பத்தியை இவள்தான் படிக்க வேண்டும். தசரதனின் பத்தியை நான் படிக்கிறேன், சிங்களத்தில்."

ஹெலன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோப்பை எப்படி முடித்தார் என்று சுனந்தாவுக்குத் தெரியாது. பங்கேற்பு தொடரும் என்று திங்கட்கிழமை ஒரு மின்னஞ்சல் வந்தது.

மார்கழியில் கொழும்பு போனாள். அவள் விமானம் ஏறியதே முதல்முறை. பொன்னி கட்டிக்கொடுத்த எள்ளுருண்டை பையில் இருந்தது. கூட்டத்துக்கு அதிகாரிகள் கோட்டு சூட்டில் வந்திருந்தார்கள். பாதிப் பேர் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுனந்தா சம்பத்தைப் படித்தாள். காலைக் காட்டுங்கள் என்ற இடத்தில் நின்று, தண்ணீர் குடித்துவிட்டுப் படித்து முடித்தாள். ஓரமாக வெள்ளைச் சேலையில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மா முகத்தை மூடிக்கொண்டார். நிர்மாலியின் அம்மா அவர்தான் என்று பிறகு தெரிந்தது. அடுத்து நிர்மாலி எழுந்து தசரதனைப் படித்தாள். படகுத்துறைக்கு ஓடும் வழி, விழுந்த இடம், விட்டுவிட்டு ஓடியது, திரும்பி வந்து பார்க்கத் தாளில்லாத மகள், அவள் கேட்கும் பயணத்தாள், எல்லாவற்றையும் தன் பாஷையில். சுனந்தாவுக்கு அதில் ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனால் போனைப் பார்த்துக்கொண்டிருந்த தலைகள் நிமிர்ந்ததைப் பார்த்தாள்.

இதனால் சட்டம் மாறிவிட்டதா என்றால், இல்லை. பரிசீலிக்கிறோம் என்றார்கள். பரிசீலனை என்பது எவ்வளவு நீளமான வேலை என்று நம் எல்லோருக்கும் தெரியும். இரு நாட்டு அதிகாரிகளும் மறுபடி கூடுவதற்கு மட்டும் ஒரு தேதி குறித்தார்கள். சுனந்தா இப்போது அந்தத் தேதியைப் பிடித்துக்கொண்டுதான் அலைகிறாள், கலெக்டர் ஆபீசுக்கும் முகாமுக்குமாக.

கூட்டம் முடிந்து வெளியே வந்ததும் பொன்னியைக் கூப்பிட்டாள். நேரலையைக் கடையில் வைத்தே போனில் பார்த்திருந்தாள் பொன்னி. அன்று வியாபாரத்தை நிறுத்திவிட்டாளாம்.

"அவ படிச்சது எதனா புரிஞ்சுதாடி?" என்று சுனந்தா கேட்டாள்.

"அங்க இருந்தப்ப கொஞ்சம் தெரியும். எல்லாம் மறந்துபோச்சு." பொன்னி மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "அப்பா பேரு மட்டும் புரிஞ்சுது. மூணு வாட்டி சொன்னாடி. நாங்க வந்ததுக்கப்பறம் அந்த ஊர்ல எங்கப்பா பேர யாரு சொல்லியிருக்கப் போறாங்க?"

சுனந்தா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"அந்தப் பொண்ணு பக்கத்துல இருக்குதா?" என்று கேட்டாள் பொன்னி. "இருந்தா அவகிட்ட குடு."